புதன்கிழமை யானை

யாங்கூன், தாக்கேட்டா
2013 ஜனவரி 14

கோகோ,

அண்ணனைக் கோகோ என்று கூப்பிடும் உரிமையை நீ இன்னும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை என்று நம்பி எழுதுகிறேன். உன் டீக்கடைக்கு எத்தனையோ தடவை போன் செய்துவிட்டேன். என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அடுப்பில் போடுவதாக இருந்தாலும் அதற்குள் ஒரு வரி கண்ணில் பட்டுவிடும். அந்த ஒரு வரி இதுதான்: அப்பாவின் புத்தகம் மறுபடி அச்சாகப் போகிறது.

எந்தப் புத்தகம் என்று கேட்க மாட்டாய். 'ஒரே குடையில் எட்டுப் பேர்'தான். டோ வின்லே என்று ஒரு அம்மாள் சின்னதாகப் பதிப்பகம் தொடங்கியிருக்கிறார். என்னைத் தேடிக்கொண்டு மடத்துப் பள்ளிக்கே வந்துவிட்டார். "ஓவியர் ஊ போ ஞானோட பொண்ணு நீங்கதானா? அந்தக் குடைப் படத்தைத் தலையணைக்கு அடியில வெச்சுத்தான் நான் தூங்குவேன் டீச்சர்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் முன்னால் அழக்கூடாது என்று கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன். என் வகுப்புப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தைத் தவிர வேறு படப் புத்தகத்தைத் தொட்டதில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது அவர்கள் கையில் இது இருக்க வேண்டும். இந்த வயதில் எனக்கு இருக்கிற ஒரே ஆசை இது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பழைய பிரதி ஒன்றுகூட எங்கும் கிடைக்கவில்லை, அப்பா வரைந்த தாள்களிலிருந்துதான் அச்சடிக்க வேண்டும். அப்பா ஒரு படத்தை நான்கு தாளில் வரைவார். முதல் தாளில் கோடுகள் மட்டும். அடுத்ததில் சிவப்பு வர வேண்டிய இடங்கள், அதற்கடுத்ததில் நீலம், கடைசியில் மஞ்சள். நான்கும் கறுப்பு மையில்தான். அச்சகத்தில் ஒவ்வொரு தாளையும் அதனதன் நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தால்தான் முழுப் படம். அந்தத் தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. நீ அப்போது தெருவில் பந்து உதைத்துக்கொண்டிருப்பாய்.

கோட்டுத் தாள்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. நிறத் தாள் ஒன்றுகூட இல்லை. அப்பா போன ஏழாம் நாள், நான் பிக்குகளுக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தபோது, நீ ஒரு காகிதக் கட்டை லுங்கியில் சுற்றி எடுத்துக்கொண்டு சொல்லாமல் பஸ் ஏறினாய். அதில் என்ன இருந்தது என்று ஆறு வருடமாக நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

யீமோன்


தவுன்ஜி
ஜனவரி 27

யீமோனுக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. அந்த நேரம் அடுப்பு அணைந்திருந்தது.

நீ சொல்கிற நிறத் தாள் எதுவும் என்னிடம் இல்லை. நான் எடுத்து வந்தவை அப்பா தனக்காக வரைந்தவை. பெரிய பெரிய கறுப்புத் திட்டுகள். குழந்தைப் புத்தகத்துக்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நல்லதாகப் பார்த்துச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். டீ குடிக்க வருகிறவர்கள் அவற்றைப் பார்த்துப் பேசிப் பேசியே இன்னொரு டீ வாங்குகிறார்கள். கல்லாவுக்கு மேலே மாட்டியிருப்பதில் இரண்டே இரண்டு பிறைகள், மற்றபடி வெறும் தாள். அதற்காகவே தினமும் சண்டை. யாங்கூன் பஸ் ஓட்டுகிற ஸாய் லோன், "அது ஏரியில போற ரெண்டு படகு" என்கிறான். என் மனைவி நாங் கம், "ரெண்டு வாழைப்பழம், பசியில வரைஞ்சிருப்பாரு மாமா" என்கிறாள். அது என்ன என்று எனக்குத் தெரியும். யாருக்கும் சொன்னதில்லை.

ஜூனுக்குள் வேண்டும் என்கிறாய். அவசரம் உனக்குப் புதிது இல்லையே. அன்றைக்கு மலைப் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. சாலையோரக் கடையிலிருந்து போன் செய்து, "வந்துட்டே இருக்கேன், அப்பாவை எடுத்துடாதீங்க" என்று கத்தினேன். வந்து சேர்ந்தபோது சுடுகாட்டில் புகையைத்தான் பார்த்தேன். ஒரு பிள்ளைக்குக் கடைசியாக ஒரு முறை அப்பா முகத்தைக் காட்டக் காத்திருக்க முடியாதவள், இப்போது ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் அப்பாவின் படத்தைக் காட்டக் கிளம்பியிருக்கிறாய். நன்றாக இருக்கிறது.

லுவின் மோ


யாங்கூன்
பிப்ரவரி 8

கோகோ,

முதலில் சுடுகாட்டுப் பேச்சை முடித்துவிடுகிறேன். மழை வலுக்கிறது, இப்போதே எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தது நம் தாய்மாமா. வண்டிக்கு முன்னால் நின்று, "கோகோ வர்ற வரைக்கும் எடுக்கக் கூடாது" என்று நான் போட்ட சத்தத்தைத் தெருவே வேடிக்கை பார்த்தது. மாமா என் கையைப் பிடித்து இழுத்து ஓரமாக நிறுத்தினார். நீ வந்து புகையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதும் நம்ப வேண்டாம். உன் இஷ்டம்.

இரண்டாவது, உன் கறுப்புத் திட்டுகள். அவற்றின் நான்கு மூலையிலும் சின்னதாகக் கூட்டல் குறி இருக்கிறதா? தாளுக்கு மேல் தாள் சரியாக உட்கார அப்பா போடுகிற குறி அது. இருந்தால், மன்னித்துக்கொள், ஆறு வருடமாக உன் வாடிக்கையாளர்கள் குடையின் சிவப்பையும் புலியின் மஞ்சளையும் பார்த்துக்கொண்டு டீ குடித்திருக்கிறார்கள். படித்ததும் சிரித்துவிட்டேன். பிறகு உன் சுவரை நினைத்து மனசு கஷ்டமாகவும் இருந்தது.

மூன்றாவதுதான் அவசரம். தலைப்பில் எட்டுப் பேர், எண்ணினால் குடைக்குக் கீழே ஏழு பேர்தான். இது நமக்குப் பழைய கதை. டோ வின்லேவுக்கு அது பெரிய தலைவலியாகிவிட்டது. எனக்கே பாடம் எடுத்தார். "டீச்சர், பொறந்த கிழமைக்கு ஒரு மிருகம். ஞாயிறுக்குக் கருடன், திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், வியாழனுக்கு எலி, வெள்ளிக்குக் கினிப்பன்றி, சனிக்கு நாகம். புதன்ல காலையில பொறந்தா கொம்பன் யானை, மத்தியானத்துக்கு மேல பொறந்தா கொம்பில்லாத மோழை. ரெண்டு யானை வேணும். உங்கப்பா ஒண்ணுதான் போட்டிருக்காரு. விடுபட்ட பிள்ளையோட அம்மா என் கடை வாசல்ல வந்து நிப்பா." சின்ன வயதில் நாமும் கேட்டோம். "நல்லா எண்ணு" என்பதைத் தவிர அப்பா வாயிலிருந்து வேறு பதில் வந்ததில்லை.

அதனால் அவர் அலுவலகத்தில் கணினியில் படம் செய்கிற ஸேயாவிடம் இரண்டாவது யானை ஒன்று வரையச் சொல்லியிருக்கிறார். மாதிரியை இதோடு வைத்திருக்கிறேன். தந்தம் வைத்த யானை. நம் யானைக்குத்தான் தந்தம் கிடையாதே, அது மோழை, புதன் மாலையில் பிறந்த என்னுடைய யானை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். உன் பங்குக்குத்தான் இந்தப் புதியது.

யீமோன்


தவுன்ஜி
பிப்ரவரி 19

யீமோன்,

அந்த யானைக்குக் கண்ணிமை முடி இருக்கிறது! சினிமாக்காரி மாதிரி மை தீட்டிக்கொண்டு, குடைக்கு வெளியே மழையில் நின்று சிரிக்கிறது. நாங் கம்மிடம் காட்டினேன். "கல்யாணத்துக்குக் கெளம்பின யானையாட்டம் இருக்கு" என்றாள். அப்பா படத்துக்குள் இது கால் வைக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

அதைவிடப் பெரிய அநியாயம், நம் யானை மோழை என்று நீ வெளியாளிடம் போய்ச் சொன்னது. அதற்குத் தந்தம் உண்டு. நான் பார்த்திருக்கிறேன். இரண்டு தந்தம், குட்டியாக, வளைந்து. இதைச் சொல்லி எத்தனை நாள் உன்னிடம் அடி வாங்கியிருக்கிறேன்! "உனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று கேட்டு நீயும் உன் கூட்டாளிகளும் சிரிப்பீர்கள். ஷ்வேடகோன் கோயிலுக்குப் போனால் நான் தெற்கு மூலை யானைக்குத் தண்ணீர் ஊற்ற ஓடுவேன், நீ வடமேற்கு மூலைக்கு ஓடுவாய், அப்பா யார் பின்னால் போவது என்று தெரியாமல் நடுவில் நிற்பார். நான் புதன் காலையில் பிறந்தவன். அந்த யானை என் யானை.

கூட்டல் குறி இருக்கிறது. எல்லாவற்றிலும் இருக்கிறது. பூ வேலைப்பாடு என்று நினைத்திருந்தேன். சிரித்தது போதும்.

சட்டங்களைக் கழற்றித் தாள்களைக் கட்டி ஸாய் லோன் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். சுவர் வெறுமையாகிவிட்டது. வந்தவன் எல்லாம் துக்கம் விசாரிப்பது போல் விசாரிக்கிறான். "மலைப் படம் எங்கண்ணே போச்சு? அதைப் பாத்துட்டே குடிச்சாத்தான் டீ இறங்கும்." அது மலை இல்லை, எலியின் நீலச் சட்டை என்று எப்படிச் சொல்வேன்?

இரண்டு பிறைகளை மட்டும் அனுப்பவில்லை. அதில் குறி எதுவும் தெரியவில்லை, சட்டத்துக்குள் நன்றாக இறுக்கி ஒட்டியிருக்கிறது. அது உன் புத்தகத்தில் சேர்ந்தது இல்லை. கேட்காதே.

லுவின் மோ


யாங்கூன்
மார்ச் 5

கோகோ,

தாள்கள் வந்து சேர்ந்தன. ஒன்றுகூடக் கசங்கவில்லை. ஸாய் லோன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம், "ஓட்டுற நேரமெல்லாம் எங்க வீட்டுக்காரி மடியில" என்றார். அவர் மனைவியும் பஸ்ஸில் வந்தாளா அல்லது வாய்க்கு வந்ததைச் சொல்கிறாரா தெரியவில்லை.

வகுப்பு ஜன்னலில் குடைப் படத்தின் தாள்களைச் சேர்த்துப் பிடித்தேன். அப்பா எங்கோ பக்கத்து அறையில் இருந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் எடது பக்கம்" என்று சொல்கிற மாதிரி இருந்தது. ஸேயா அவற்றைக் கணினியில் ஏற்றி நிறம் கொடுத்தான். குடை சிவந்தது, எலிக்குச் சட்டை வந்தது, புலிக்கு மஞ்சள் வந்தது. பொடியன் நல்லவன்தான். தான் வரைந்த யானையைத் தானே ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் இரண்டு பக்கமாக விரிகிற அந்தப் படத்தில் யானை நிற்கும் பக்கத்துக்கு மட்டும் மூன்று தாள்தான் இருக்கிறது. மஞ்சள் தாள் இல்லை. யானை வெறும் கோடாக, வெள்ளையாக நிற்கிறது. தந்தமும் இல்லை.

டோ வின்லே பிடிவாதமாக இருக்கிறார். ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா முடிந்ததும் அச்சுக்குக் கொடுக்க வேண்டும், அதற்குள் எட்டாவது ஆளைக் காட்டு, இல்லாவிட்டால் மை தீட்டிய யானை உள்ளே வரும் என்கிறார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பாதி மனசு ஒப்புக்கொள்ளவே சொல்கிறது. புத்தகமே வராமல் போவதற்கு ஒரு யானை கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும். பிள்ளைகளுக்கு என்ன தெரியப் போகிறது என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக அன்று முழுக்க என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

அதனால் ஒரே ஒரு உதவி. யானைப் பக்கத்தின் கோடுகளை மெல்லிய தாளில் பிரதி எடுத்து இதோடு அனுப்புகிறேன். உன் பிறைகளைச் சட்டத்திலிருந்து கழற்று. அதன்மேல் இதை வைத்துப் பார். நான் நினைப்பது தவறாக இருந்தால், திரும்ப ஒட்டி மாட்டிவிடு. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.

யீமோன்


தவுன்ஜி
மார்ச் 18

ஞீமா,

தங்கச்சி என்று உன்னைக் கூப்பிட்டு எத்தனை வருடம் ஆகிறது! பேனா தானாகவே எழுதிவிட்டது, விட்டுவிடு.

உன் கடிதத்தைப் பத்து நாள் கல்லாப்பெட்டியில் வைத்திருந்தேன். நேற்று சாயங்காலம் நாங் கம், "அதைப் பாத்தா என்ன, கடிக்கவா போவுது?" என்று கேட்டுச் சட்டத்தைத் தானே கழற்றிவிட்டாள். உன் மெல்லிய தாளை மேலே வைத்தேன். மூலையில் கூட்டல் குறிகள், சட்டத்துக்கு அடியில் ஒளிந்திருந்தவை, ஒன்றோடொன்று பொருந்தின. இரண்டு பிறைகளும் நேராகப் போய் யானையின் வாயோரத்தில் உட்கார்ந்தன. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

தந்தம்! நான் போட்ட சத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். ஸாய் லோன் பார்த்துவிட்டு, "படகு இல்லியா?" என்று வருத்தப்பட்டான். எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது, யீமோன். உன் கூட்டாளிகள் யாராவது உயிரோடு இருந்தால் சொல்லிவிடு.

இனி ஒரு வேடிக்கை. அந்தத் தாளின் ஓரத்தில் சட்டம் மறைத்திருந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. கடை விளக்கடியில் நானே பார்த்தேன். இன்று காலையில் வாசலில் எடுத்து வந்து பார்த்தால் அதே இடத்தில் விரல் நுனி அளவுக்கு வெளிறிய மஞ்சள்! "சூடான கடலைக் கூழை இதுமேலயா சிந்தின?" என்று நாங் கம்மைப் பிடித்துக் கத்தினேன். அவள் கரண்டியோடு வந்து, "நான் தொடவே இல்ல. கண்ணு தெரியலன்னா கண்ணாடி வாங்குங்க" என்றாள். திரும்ப உள்ளே எடுத்துப் போய் விளக்கடியில் வைத்தேன். மஞ்சள் இல்லை. வாசலுக்கு வந்தேன். இருக்கிறது. நான் உள்ளேயும் வெளியேயும் நடப்பதைப் பார்த்து எதிர்க்கடைக்காரர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

அது கூழ் இல்லை. இந்தத் தாளுக்கு எந்த மஞ்சள் வேண்டும் என்று அச்சகத்துக்குக் காட்ட அப்பா தடவிவைத்த மாதிரி. தந்தத்துக்குக் கோடு கிடையாது, அந்த வெளிறிய மஞ்சள் மட்டும்தான்.

எனக்கு ஒன்று சொல். நான் அந்தப் புத்தகத்தைப் படித்தது பள்ளிக்கூட வண்டி வருவதற்கு முன்னால், வாசல்படியில், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து. நீ எப்போது படித்தாய்?

லுவின்


யாங்கூன்
ஏப்ரல் 2

கோகோ,

நான் படித்தது சாயங்காலம். நீ விளையாடப் போன பிறகு, அம்மா மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்த பிறகு, அப்பா மடியில்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பதிப்பகத்துக்கு ஓடினேன். தந்தத்தின் இடத்தையும் நிறத்தையும் சொன்னேன். ஸேயா அந்த வெளிறிய மஞ்சளைப் போட்டு ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தான். ஜன்னலோரம் பிடித்தால் தந்தம் தெரிகிறது, லேசாக, வளைந்து, நீ சொன்ன மாதிரியே. பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு மெழுகுவத்தியை ஏற்றினோம். ஸேயா, "போச்சு! டீச்சர், காணாமப் போச்சு!" என்று கத்தினான். மோழை. என் மோழை.

நாம் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, கோகோ. காலை வெளிச்சத்தில் அது கொம்பன். விளக்கு வெளிச்சத்தில் தாளே மஞ்சளாகிவிடுகிறது, தந்தம் அதில் கரைந்துவிடுகிறது, அது மோழை. ஒரு யானைதான், ஆனால் இரண்டு பேர். மற்ற ஆறு பேரோடு சேர்த்து எட்டு. "நல்லா எண்ணு" என்று அவர் சொன்னது இதைத்தான். அச்சகத்திலிருந்து வருகிற ஒவ்வொரு மாதிரித் தாளையும் அப்பா காலையில் ஜன்னலில் ஒரு முறையும், விளக்கு வைத்ததும் ஒரு முறையும் பார்ப்பார். கண் மங்கிவிட்டது, அதனால் இரண்டு தடவை பார்க்கிறார் என்று அம்மா சொல்லுவாள். நானும் அப்படியே நம்பியிருந்தேன்.

டோ வின்லே மெழுகுவத்திக்கும் ஜன்னலுக்கும் இடையே தாளை எடுத்துக்கொண்டு நடந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். "டீச்சர், நான் பொறந்ததும் புதன்கிழமைதான். மத்தியானத்துக்கு முன்னாலயா பின்னாலயான்னு எங்கம்மாவுக்கே ஞாபகமில்ல. கோயில்ல ரெண்டு மூலையிலயும் தண்ணி ஊத்திட்டு வருவேன், எது என்னுதுன்னு தெரியாமலே. இந்த யானையை மட்டும் ஏன் அப்படிப் பிடிச்சுதுன்னு இன்னிக்குத்தான் புரியுது" என்றார். மை தீட்டிய யானைக்கு வேலை போய்விட்டது.

ஆனால் ஸேயா சொல்கிறான், நீ கடிதத்தில் எழுதியதை வைத்து இடத்தை ஊகித்துப் போட்டால் போதாது, அச்சுக்கு அப்பாவின் தாளே வேண்டுமாம். அது என்ன என்று உனக்குத் தெரியும், யாருக்கும் சொன்னதில்லை என்று முன்பு எழுதியிருந்தாய். அதனால் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

யீமோன்


தவுன்ஜி
ஏப்ரல் 21

ஞீமா,

தண்ணீர்த் திருவிழா முடிந்தது. ஊரே காய்ந்துகொண்டிருக்கிறது, நான் மட்டும் சளி பிடித்துக் கிடக்கிறேன்.

தாளை நாங் கம் கையில் கொடுத்தனுப்புகிறேன். இதற்கு மட்டும் ஸாய் லோனை நம்ப மாட்டேன். அவளுக்கும் யாங்கூன் பார்க்க வேண்டுமாம். உன் சமையலைக் குறை சொல்லுவாள், கண்டுகொள்ளாதே.

அது என்ன என்று நான் நினைத்திருந்தேன் என்பதை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதை அனுப்பியும் அனுப்பாத மாதிரிதான். அன்றைக்கு அப்பா மேஜையில் அந்தக் கட்டைப் பிரித்தபோது முதலில் கண்ணில் பட்டது இந்தத் தாள்தான். வெள்ளைத் தாளில் கீழ்நோக்கி வளைந்த இரண்டு கோடுகள். எனக்கு அது மூடிய இரண்டு கண்ணாகத் தெரிந்தது. தூங்குகிற முகம். எனக்குக் காட்டாமல் எடுத்துக்கொண்டு போன முகம் எனக்காக இங்கே இருக்கிறது என்று தோன்றிவிட்டது. அதனால்தான் அந்தக் கட்டு முழுவதையும் சுற்றிக்கொண்டு ஓடினேன். ஆறு வருடமாகத் தினமும் கடையைத் திறந்ததும் முதல் டீயை அதற்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. படகு, வாழைப்பழம் என்று ஆளாளுக்குச் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

இப்போது அது யானைத் தந்தம். எனக்கு வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்ட தந்தம் கிடைத்துவிட்டது, அப்பா முகம் போய்விட்டது. அழுதேன். நாங் கம்முக்குச் சளி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

லுவின்


யாங்கூன்
மே 6

கோகோ,

நாங் கம் வந்து சேர்ந்தாள். என் மீன் குழம்பில் உப்பு இல்லை என்றாள். தாள் பத்திரமாக இருக்கிறது, அச்சுக்குப் போயாயிற்று. உன் சளியைப் பற்றி அவளுக்கு நீ நினைப்பதைவிட நன்றாகவே தெரியும்.

நீ என்னிடம் இதுவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். கேள்.

அப்பாவின் கண் இரண்டும் மூடவில்லை. வலது கண் மூடியிருந்தது, இடது கண் கொஞ்சமாகத் திறந்திருந்தது. மாமா விரலால் மூடிப் பார்த்தார், மறுபடி திறந்துகொண்டது. ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு மாதிரித் தாளில் பிழை தேடுவாரே, அதே முகம். நெற்றியில் மையும் இருந்தது, கடைசி வாரம் வரைக்கும் எதையோ வரைந்துகொண்டுதானே இருந்தார். அதைத் துடைக்க வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். தாடையில் நீ வாங்கிக் கொடுத்த சவரக் கத்தி கீறிய சின்னத் தழும்பு. வாய் கொஞ்சம் கோணலாக, "இன்னும் கொஞ்சம் எடது பக்கம்" என்று சொல்ல வருகிற மாதிரி. சந்தனம் பூசி, அந்தப் பச்சைக் கட்டம் போட்ட லுங்கி கட்டியிருந்தோம். தூங்குகிற முகம் இல்லை, கோகோ. வேலை பார்க்கிற முகம். பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை.

இவ்வளவுதான் என்னிடம் இருந்தது. இப்போது உன்னிடமும் இருக்கிறது.

யீமோன்


யாங்கூன்
ஜூன் 20

கோகோ,

புத்தகம் வந்துவிட்டது! ஸாய் லோனிடம் ஒரு கட்டு கொடுத்திருக்கிறேன். பெயரைப் பார், அப்பா பெயருக்குக் கீழே நம் இரண்டு பேர் பெயரும் சின்னதாக இருக்கிறது. வேண்டாம் என்றேன், டோ வின்லே கேட்கவில்லை.

நேற்று வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். காலை முழுக்க எண்ணினார்கள். ஏழு என்று ஒரு கூட்டம், எட்டு என்று தலைப்பில் போட்டிருக்கிறதே என்று இன்னொரு கூட்டம். லின் லின் என்று ஒரு வால், புதன் காலையில் பிறந்தவன், "யானை என்னுது! கொம்பு இருக்கு பாரு!" என்று எல்லார் முகத்துக்கு நேராகவும் நீட்டினான். யதனா என்கிற பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் புதன் மாலை. "எனக்கு மட்டும் ஏன் டீச்சர் யாருமே இல்ல?" என்று கேட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லா எண்ணு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், சத்தியமாக.

மத்தியானத்துக்கு மேல் மழை கொட்டிற்று. இருட்டிக்கொண்டு வந்தது. வழக்கம்போல் மின்சாரம் போயிற்று. மெழுகுவத்தி ஏற்றினோம். நான் எதுவும் செய்யவில்லை, சும்மா நின்றேன். முதலில் யதனாதான் பார்த்தாள். "கொம்பு போயிடுச்சு! டீச்சர்! கொம்பு போயிடுச்சு! இப்ப என் யானை!" லின் லின் தன் புத்தகத்தைப் பார்த்தான், விரலால் தேய்த்தான், பக்கத்துப் பையனின் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தான். "யாரு திருடினா?" என்று அவன் போட்ட கூச்சலில் தலைமைப் பிக்கு சயாடோவே மடத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டார். இன்று காலையில் பள்ளி திறப்பதற்கு முன்னாலேயே இரண்டும் வாசலில் நின்றுகொண்டு, கொம்பு திரும்பி வந்துவிட்டதா என்று ஒரே புத்தகத்தில் தலை முட்டப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவை சண்டை போடாமல் பார்த்துக்கொண்டிருந்தன என்று சொன்னால் பொய். போட்டன. ஆனால் சேர்ந்துதான் நின்றன.

யீமோன்


தவுன்ஜி
ஜூலை 1

ஞீமா,

புத்தகத்தைப் பிரித்து யானைப் பக்கத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்டினேன். சட்டத்தின் ஓரம் எதையும் மறைக்காதபடி பெரிய சட்டமாக. ஸாய் லோன் சாயங்காலம் வந்து, "கொம்பு இல்லியே, உங்களை ஏமாத்திட்டாங்கண்ணே" என்றான். "காலையில வா" என்றேன். காலையில் வந்தான். பார்த்தான். மறுநாள் பஸ்ஸில் வந்த ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறான். என் கடைக்கு இப்போது காலையில் ஒரு கூட்டம், விளக்கு வைத்ததும் ஒரு கூட்டம்.

அந்தத் தாளை எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். அது அதன் கூட்டத்தோடு இருக்கட்டும். முதல் டீயை இப்போதும் வைக்கிறேன். இடது கண் கொஞ்சம் திறந்த முகத்துக்கு வைக்கிறேன்.

பத்தாம் தேதி அப்பாவின் நினைவு நாள். பிக்குகளுக்கு அன்னம் கொடுக்க நீ ஏற்பாடு செய்திருப்பாய். இந்த வருடம் நானும் வருகிறேன். முந்தின நாள் சாயங்காலப் பஸ். ஆனால் மழைக்காலம், மலைப் பாதை எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். காலையில் வந்து சேர்வேனா, மத்தியானம் தாண்டிவிடுமா, சொல்ல முடியாது. பிக்குகள் மத்தியானத்துக்கு மேல் சாப்பிட மாட்டார்கள். அதனால் எனக்காக எதையும் நிறுத்தி வைக்காதே. நடக்க வேண்டியது நடக்கட்டும். வந்து கும்பிட்டுக்கொள்கிறேன்.

லுவின்


யாங்கூன்
ஜூலை 5

கோகோ,

பத்தாம் தேதி என்ன கிழமை என்று பார்த்தாயா? புதன்.

சயாடோவிடம் பேசிவிட்டேன். அன்னதானத்தை வியாழக்கிழமைக்கு மாற்றியாயிற்று. மாமா நேற்று வந்து, நாளை மாற்றக் கூடாது என்றார். இந்தத் தடவை அவர் கையை நான் பிடித்து ஓரமாக நிறுத்தினேன்.

புதன்கிழமை எனக்கு வேறு வேலை ஒன்றும் இல்லை. காலையிலிருந்து பஸ் நிலையத்தில்தான் இருப்பேன். மத்தியானம் தாண்டினாலும் அங்கேயே இருப்பேன். நீ மெதுவாக வா.

யீமோன்